பேசாத சிறுத்தையும் அரைப்பேர் வாங்கிய பன்றியும்

மொத்தம் 58 செக்கன் ஓடும் பொம்மைப் படம். எடுத்து முடிக்க 11 நாள் பிடித்தது.

தவணை விடுமுறை. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் சித்திர அறை. ஏழு பிள்ளைகள், நான், என் கைத்தொலைபேசி. நடிகர்கள் நாலு பேர்: காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) நாய், சிறுத்தை. பொம்மை பிடிக்கும் களியும் கம்பியும் கம்பளி நூலும் சேர்ந்த உடம்புகள். நால்வரில் பெரியவர் பன்றியார். அவரே ஒரு சாண் உயரம் வரமாட்டார். படத்தைப் பார்த்த இரண்டு மூன்று ஆசிரியர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எப்படியெல்லாம் கெடுத்தோம் என்பதுதான் இதில் பாதி.

ஆரம்பம் ஒரு மழை நாள். பாதி வகுப்பு வரவில்லை, பாடம் நடத்த எனக்கும் மனம் வரவில்லை. மடிகணினியில் 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபொக்ஸ்' படத்தைப் போட்டேன். ரோல்ட் டால் 1970-இல் எழுதிய சிறுவர் கதையை வெஸ் அண்டர்சன் 2009-இல் படமாக்கியது. நரி கோட்டுப் போட்டுக்கொண்டு பத்திரிகைக்கு எழுதும், வளைக்கரடி வக்கீல் வேலை பார்க்கும். எல்லாமே பொம்மைகள், ஒவ்வொரு பொம்மையையும் கையால் இம்மியளவு நகர்த்தி, ஒரு படம் பிடித்து, மறுபடி நகர்த்தி எடுத்தது. பிள்ளைகளுக்கு ஆங்கில வசனம் முக்கால்வாசி விளங்கவில்லை. காது சும்மா இருந்ததால் கண் நன்றாக வேலை செய்தது என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் கேள்வி, "டீச்சர், இது நம்ம ஊரு நரி இல்லயே. ஏன் இப்புடி செவப்பா இருக்கு?" நியாயமான கேள்வி. இலங்கையில் இருப்பது வேறு நரி, குள்ளநரி இனம். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பஞ்சதந்திரக் கதையில் வருவதும் நம்முடையதுதான், இந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் இல்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. எட்டாம் வகுப்புப் பையன், வழக்கமாக வாயே திறக்காதவன், கேட்டான்: "காத்தே இல்லாத வீட்டுக்குள்ள நரி மசுரு ஏன் டீச்சர் ஆடிக்கிட்டே இருக்கு?"

ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் அதுவரை கவனித்ததில்லை. நரி அசையாமல் நின்று பேசும்போதுகூட அதன் கன்னத்து உரோமம் எறும்பு ஊர்வதுபோலச் சலசலக்கும். காரணம் சின்னது. திரையில் ஒரு செக்கனுக்கு 24 தனித்தனிப் படம் ஓடும். இந்தப் படத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு நிலையையும் இரண்டு படத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது செக்கனுக்கு 12 தடவை ஒரு மனிதக் கை பொம்மையைத் தொட்டிருக்கிறது. தொடும்போதெல்லாம் உரோமம் கொஞ்சம் கலையும். 1933-இல் வந்த 'கிங் கொங்' படத்திலும் இதே கதைதான். முயல் தோல் போர்த்திய அந்தக் குரங்கின் உடம்பெல்லாம் யாரோ தடவிக்கொண்டே இருப்பதுபோல் தெரியும். பிழை என்று மறைக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நரிப் படக்காரர் வேண்டுமென்றே விட்டுவைத்தார். அந்தப் பையனுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அப்ப அது காத்து இல்ல, ஆளு" என்றான்.

அந்த வாக்கியத்துக்காகத்தான் விடுமுறையில் பாடசாலைச் சாவியை வாங்கினேன்.

கதை பிள்ளைகளுடையது. காட்டு மிருகங்களுக்கும் காலையில் பெரட்டு நடக்கிறது. தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக: பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடுவார்கள். கணக்குக் கொழுந்து வராவிட்டால் அரைநாள் சம்பளம்தான். அதற்குப் பேர் அரைப்பேர். எங்கள் கதையில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி முள்ளம்பன்றி. நாய் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். பன்றி பிந்தி வந்து சாக்குச் சொல்லும், அரைப்பேர் வாங்கும். அவ்வளவுதான் முதலில் இருந்தது. சிறுத்தை பிறகு வந்து சேர்ந்தது.

முதல் பாடம் குரலில் கிடைத்தது. வாய் அசைக்க வேண்டுமானால் குரலை முன்பே பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும்; பொம்மை குரலுக்குப் பின்னால் போகும். இது தெரிந்திருந்தது. தெரியாதது வேறு. ஒலிப்பதிவு என்றதும் பிள்ளைகள் எழுந்து நிமிர்ந்து நின்று, "நண்பர்களே, அனைவரும் வருக" என்று தமிழ்த்தினப் போட்டிக் குரலில் ஆரம்பித்தார்கள். முள்ளம்பன்றி மேடைப் பேச்சாளர் ஆகிவிட்டது. மூன்று தரம் எடுத்தும் உயிர் வரவில்லை. பிறகு போனை மேசையில் போட்டுவிட்டு, "உங்க வீட்டுப் பக்கத்துக் கங்காணி எப்படிப் பேசுவார்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு சுருட்டைமுடிக்காரி இடுப்பில் கை வைத்தாள்: "என்னாங்கடா, வெயில் முதுகுக்கு வந்தப்புறம் பேரு குடுக்க வாறீங்களா? போ போ, அரப்பேருதான்." அறையே உருண்டு சிரித்தது. அதுதான் படத்தில் இருக்கிறது, பின்னால் கேட்கும் ஒரு பிள்ளையின் இருமலோடு.

பேசும் மிருகங்கள் ஏன் பிடிக்கின்றன என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மிருகம் முழுக்க மனிதராகிவிட்டால் ருசி போய்விடும். நரிப் படத்தில் காலைச் சாப்பாட்டு மேசைக்கு நரி வந்து உட்காரும், துணி ஒழுங்காக இருக்கும், பேச்சும் மரியாதையாக இருக்கும். தட்டு வந்ததும் இரண்டு கையாலும் பாய்ந்து கிழித்துத் தின்னும், நாலு பக்கமும் சிதறும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பேச்சைத் தொடரும். பிள்ளைகள் அதிகம் சிரித்தது அங்கேதான். ஆகவே எங்கள் பன்றியும் சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது இடையில் ஒரு தடவை தலையைக் குனிந்து மண்ணைக் கிளறிவிட்டு நிமிரும். அதற்கு 9 படம். படத்திலேயே நல்ல 9 படம் அவைதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி கெட்ட கதை.

வெளிச்சத்தில்தான் முதல் இரண்டு நாளும் போயின. ஜன்னலோர மேசை, நல்ல வெளிச்சம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து வானத்தை நம்பக் கூடாது என்று நாற்பது வருடமாகத் தெரிந்தும் நம்பினேன். ஒரு படம் எடுக்கும்போது வெயில், அடுத்ததற்குள் மூடுபனி இறங்கிவிடும், அதற்கடுத்து மறுபடி வெயில். ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் அழகு. ஓடவிட்டால் கண்ணில் மின்னல் வெட்டுகிறது. இரண்டு நாள் உழைப்பை அழித்தோம். மூன்றாம் நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கம்பளிகள் கொண்டுவந்து ஜன்னல்களை மூடினார்கள். ஒரேயொரு மேசை விளக்கு, அதுவும் பவர் பேங்கில் ஓடுவது. சுவர் மின்சாரத்தில் போட்டால், லயங்களில் சோற்றுச் சட்டி ஏறும் நேரத்தில் விளக்கு மங்கிவிடுகிறது.

அப்படியும் மெல்லிய மினுக்கம் போகவில்லை. காரணம் தேடி அரை நாள் அலைந்தோம். கடைசியில் ஆள் நான்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பொம்மைக்குக் கிட்டே குனியும்போதும் விலகும்போதும் என் சட்டையில் பட்ட வெளிச்சம் பன்றியின் முகத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. மறுநாளிலிருந்து எல்லாரும் இருண்ட நிற உடுப்பு. ஏதோ சாவு வீடு மாதிரி இருக்கிறது என்று வாசலில் எட்டிப் பார்த்த காவல்காரர் சொன்னார்.

போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், நிறத்தையும் மாற்றும், குவியத்தையும் தேடும். மூன்றையும் பூட்டிவைக்க வேண்டும். இதற்கென்று உள்ள இலவசச் செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. முந்தைய படத்தை நிழல்போல மேலே காட்டும் வசதியும் இருக்கிறது. எவ்வளவு நகர்த்தினோம் என்று அதில்தான் தெரியும். போனைத் தொட்டுப் படம் எடுக்கக் கூடாது, ஒவ்வொரு தொடுகைக்கும் அது ஒரு மயிரிழை விலகும். வயர் உள்ள இயர்போனைச் செருகி அதன் சத்தக் கட்டையை அழுத்தினால் பல போன்களில் படம் விழும். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். இரண்டு செங்கல்லுக்கு நடுவே போன், சுற்றி சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டிய பட்டி. விமானப் பயன்முறையில் போட மறந்து, ஆறாம் நாள் என் தங்கச்சி அழைப்பு எடுத்து, போன் அதிர்ந்து செங்கல்லிலிருந்து நழுவியதை நான் இங்கே விரிக்கப்போவதில்லை.

எலும்புக்கு முதலில் கட்டுக்கம்பி. ஹார்ட்வெயாரில் மலிவு, ஆனால் பத்துப் பதினைந்து தடவை மடித்ததும் முறிகிறது. நாய்க்கு நடு வழியில் கால் போனது. பழைய மின்வயரை உரித்து, உள்ளே இருந்த தடித்த செப்புக் கம்பி இரண்டை முறுக்கிப் போட்டபின் பிரச்சினை இல்லை. கால் நிற்பதற்கு ரிஜிபோம் (தெர்மோகோல்) தரை. பாதத்துக்கு அடியிலிருந்து குண்டூசி ஏற்றினால் ஒற்றைக் காலிலும் நிற்கும்.

காலையில் களி கல்லாகிவிடும். ஸ்டூடியோக்களில் விளக்குச் சூட்டில் களி இளகுவதுதான் தலைவலி, எங்களுக்கு நேர் எதிர். விறைத்த காலை மடக்கினால் விண்டுபோகும். ஒரு பெண்பிள்ளை தன் சாயத்தண்ணி, அதாவது பால் சேராத தேநீர், இருந்த கோப்பைமேல் தட்டை மூடி, தட்டுமேல் பன்றியைப் படுக்கவைத்தாள். ஐந்து நிமிடத்தில் பன்றி பதமாகிவிட்டது. அதன்பிறகு தினமும் நடிகர்களுக்கு ஒரு கோப்பை.

நான் மிகவும் ரசித்த தோல்வி தேயிலைதான். செட்டுக்கு நிஜத் தேயிலைக் கொப்பை ஒடித்து ரிஜிபோம் மலையில் நட்டோம். வாசலைத் தாண்டினால் தேயிலை, வேறு எதைத் தேடுவது? பன்றி மலையிறங்கி வரும் நாலு செக்கன், 48 படம், காலை பத்திலிருந்து பின்நேரம் இரண்டு தாண்டிவிட்டது. ஓடவிட்டுப் பார்த்தால், பன்றி நடக்க நடக்க அதன் பின்னால் மலை முழுவதும் சுருங்கி, தொங்கி, கறுத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் நாலு மணித்தியாலம் அதன் எதிரிலேயே நின்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. கமராவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா தொழிற்சாலையில் வேலை செய்யும் பையன் மட்டும் அதிசயப்படவில்லை. "கொழுந்து வாடத்தானே டீச்சர் செய்யும். மேல் மாடியில 12 மணித்தியாலத்துக்கு மேல காயப்போட்டுத்தானே அரைக்கிறாங்க" என்றான். அந்த நாலு செக்கனை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, படத்தில் அப்படியே இருக்கிறது. மிச்சக் காட்சிகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிள்ளிக் குச்சிகளில் ஒட்டினோம். அது வாடுவதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கவ்வாத்து வெட்டி மூன்று மாதமான மலை மாதிரியே இருக்கும்.

வாய்க்கு எங்களுக்கு இரண்டே துண்டு: திறந்தது ஒன்று, மூடியது ஒன்று. மட்டையில் வெட்டி, களிப் பொட்டு வைத்து மாற்றி மாற்றி ஒட்டியது. இரண்டு போதுமா என்று பயந்தேன். போதும், ஒரு நிபந்தனையோடு. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும். "பேரு" என்று சொல்லும்போது வாய் திறந்திருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மற்ற எழுத்துகளில் எப்படி ஏமாற்றினாலும் கண் மன்னித்துவிடுகிறது. வாயைவிட முக்கியம், பேசுகிறவர் எந்தச் சொல்லில் அழுத்துகிறாரோ அந்தச் சொல்லுக்குத் தலையை ஒரு வெட்டு வெட்டுவது. பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை, ஒவ்வொரு படத்துக்கும் எல்லாவற்றையும் நகர்த்துவது. அப்போது பொம்மை நடுங்கும். ஒரு ஆறு படத்துக்கு ஒன்றையும் தொடாமல் விட்டால் மிருகம் யோசிப்பதுபோல் இருக்கும்.

சிறுத்தைக்கு வருகிறேன். அது முதலில் கதையில் இல்லை. கறுப்புக் களி ஒருவரும் தொடாமல் அப்படியே மிஞ்சியிருந்தது. அந்த வாய் திறக்காத பையன் அதை எடுத்து ஒரு பின்நேரம் முழுக்க உட்கார்ந்து சிறுத்தை பிடித்தான். கறுப்பு என்பதால் மற்றப் பிள்ளைகளுக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது, எனக்கும் வந்தது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் அப்போது இரண்டாம் மூன்றாம் வகுப்பு. ஆனாலும் வீட்டில் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

சிறுத்தைக்கு என்ன வசனம் என்று கேட்டேன். "அது பேசாது டீச்சர்" என்றான். அவன் மனதில் இருந்தது நரிப் படத்துக் கடைசியில் வரும் ஓநாய். பனி மலையில் தூரத்தில் நிற்கும். நரி ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்க்கும், லத்தீன் பெயர் சொல்லிப் பார்க்கும், பிரெஞ்சும் பேசிப் பார்க்கும். ஓநாயிடமிருந்து ஒரு சத்தம் வராது. கடைசியில் நரி கையை உயர்த்த, அதுவும் உயர்த்திவிட்டுக் காட்டுக்குள் போய்விடும்.

பேசாத மிருகத்தை நடிக்க வைப்பதற்கு நான் வேறோர் இடத்தில் பாடம் படித்தேன். பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் ஸ்டூடியோவின் வாலஸ், குரோமிட் படங்களில் வரும் நாய்க்கு வாயே கிடையாது. புருவ மேட்டை மட்டும் ஏற்றி இறக்கி எல்லாம் சொல்லிவிடும். அதன் களி நெற்றியில் பிடித்தவரின் விரல் ரேகை அங்கங்கே தெரியும். பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இது பெருவிரலா சுட்டுவிரலா என்று சண்டை போட்டார்கள். எங்கள் சிறுத்தைக்கும் இரண்டு காதும் ஒரு வாலும்தான் பாஷை. கங்காணி கடைசியாக அதன் பேரைக் கூப்பிடும். ஒரு தரம், இரண்டு தரம். காது மட்டும் திரும்பும்.

அந்தக் காட்சிக்கு முதல் நாள் இரவுக் குளிரில் சிறுத்தையின் கழுத்துக் களி வெடித்து, உள்ளே இருந்த செப்புக் கம்பி ஒரு வளையம்போல வெளியே தெரிந்தது. காலையில் சாயத்தண்ணி ஊற்றி, மிச்சக் களியை உருட்டிக்கொண்டு பூச உட்கார்ந்தேன். பையன் என் கையைப் பிடித்தான்.

"இருக்கட்டும் டீச்சர்."

அப்படியே எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட, பென்டிரைவில் போட்டு ஒரு பிள்ளையின் வீட்டுத் தொலைக்காட்சியில் காட்டினோம். காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) இடமில்லாமல் இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) ஆட்கள். 58 செக்கன் படத்தை ஒன்பது தரம் ஓடவிட்டார்கள். அரைப்பேர் என்ற சொல் வந்ததும் ஒவ்வொரு தரமும் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. நான் நினைத்த மாதிரிச் சந்தோஷச் சிரிப்பு மட்டும் இல்லை அது. ஐந்தாவது தரம் ஓடியபோது ஓர் அப்பாயி கேட்டார், "அந்தக் கறுப்பன் ஏன் பேரு குடுக்காம நிக்கிறான்?"

"அது வேலைக்கு வரல அப்பாயி."

"அப்ப சும்மா பாக்க வந்துச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் தொடர்ந்தார்.

செலவு கேட்டவர்களுக்கு: களி, விளக்கு, குண்டூசி, பச்சை நார் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய்க்குள். பவர் பேங்க் என்னுடையது, கம்பளிகள் இரவல். தப்பாக எடுத்ததையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். படத்தில் நின்றது 696.

ஒரு சின்ன எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. பன்றியின் காதுகளைக் கோதுமைமாப் பசையில் கடதாசி ஒட்டிச் செய்திருந்தோம். நடிகர்களைச் சித்திர அறை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். தவணை தொடங்கித் திறந்தபோது இடது காது இல்லை, எலி தின்றிருந்தது. பொம்மைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வையுங்கள். பிள்ளைகளுக்குக் கவலை ஏதும் இல்லை. அடுத்த படம் அங்கேதான் தொடங்குகிறதாம்: பெரட்டில் முள்ளம்பன்றி கேட்கும், "எங்கடா ஒத்தக் காது?" பன்றி என்ன சாக்குச் சொல்வது என்பதில்தான் இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.